ஜுஜுட்சு சேர்கிறீர்களா? முதலில் விழப் பழகுங்கள்

இன்னொரு மணிக்கட்டு முறிவு. காட்பாடியோ குடியாத்தமோ, கதை ஒன்றுதான்: ஜுஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் வீடியோவைச் செல்போனில் பார்த்து, மொட்டை மாடியில் நேராக ஆளைத் தூக்கிப் போடுவதில் ஆரம்பித்திருப்பார்கள்.

"விழுறதுக்குப் போய் யாராவது பயிற்சி எடுப்பாங்களா சார்?" எடுக்கத்தான் வேண்டும். ஜப்பானில் அதற்கு உகேமி என்று பெயர். உருப்படியான ஆசிரியர் யாரிடம் போனாலும் அதில்தான் தொடங்குவார். விழும்போது கையை ஊன்றுவது உடம்பின் அனிச்சை; புத்தி சொல்லி மாறாது, பழகித்தான் மாறும். ஊன்றிய கையில் மொத்த எடையும் இறங்கினால் மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு, ஏதாவது ஒன்று போகும்.

பின்பக்கம் விழும்போது முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு பார்வையை இடுப்பு பெல்ட்டில் வையுங்கள். முதுகைக் கூன்போல வளைத்துக்கொள்ளுங்கள். முதுகு பாயைத் தொடும்போதே, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை முழுசாகத் தரையில் அடித்து மூச்சை விடுங்கள். கைகள் உடம்பிலிருந்து 45 டிகிரிக்குள் இருக்கட்டும். தோள் உயரத்துக்குப் போனால் தோள்பட்டை வாங்கிக்கட்டிக்கொள்ளும். முதலில் படுத்தபடி, பிறகு குந்தியபடி, கடைசியில்தான் நின்றபடி. கீழே 4 செ.மீ. தடிமனில் பயிற்சிப் பாய் வேண்டும். கோரைப்பாய் கணக்கில் வராது!

விழுந்தபின் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்துக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அங்குள்ள படகெலும்பின் விரிசல் ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம். அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். விட்டால் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பே செத்துப்போகலாம். எண்ணெய் போட்டு நீவுவோரும், புத்தூர் கட்டுக்கு பஸ் ஏறுவோரும் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிராளி உங்கள் கையை மடக்கிப் பிடிக்கும் கைப்பூட்டில் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கை நகர இடமில்லை என்றதுமே, 'விடு' என்பதற்கு அடையாளமாக அவர் மேல் இரண்டு தட்டு. தட்டினால் மானம் போகாது, முழங்கை தப்பும். பூட்டியவர் அந்தக் கணமே விட வேண்டும். கழுத்துப் பிடி சரியாக விழுந்தால் 10 விநாடிக்குள்ளேயே மயக்கம் வரலாம். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம், தயவுசெய்து.

நம்மூர் வெயிலில் வியர்த்து நனைந்த உடுப்பைத் துவைக்காமல் மறுநாள் போட்டால் படர்தாமரைதான்.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு: முதல் நாளே ஆளைத் தூக்கிப் போடச் சொல்லும் வகுப்பா, கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கத்திக்காரனை மடக்கலாம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். பிடியை உதறிவிட்டு ஓடச் சொல்லிக்கொடுங்கள், ஓடியதும் 112.