அள்ளிய குப்பை கரையாவிட்டால்: மூளை செல்லும் கால்சியமும்

செல்லூரில் எங்கள் தெருப் பெரியம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. "கால்சியம் மாத்திரை கொடுத்தா சரியாயிடுமாண்ணே?" என்று அவர் மகன் கேட்டான். ஆகாது. மாத்திரையில் விழுங்குகிற கால்சியம் எலும்புக்கு. நரம்பு செல்லுக்குள் அது பார்க்கிற வேலையே வேறு.

செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே திரவத்தில் மிதக்கிறது. மிச்சத்தை செல் ராப்பகலாக வெளியே தள்ளுகிறது, இல்லையென்றால் தனக்குள்ளேயே இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுக் கிடங்குக்குள் அடைத்துவைக்கிறது. அதனால்தான் கொஞ்சம் கசிந்தாலும் அது செல்லுக்கு ஒரு உத்தரவாகிவிடுகிறது.

அந்த உத்தரவுகளில் ஒன்று, ஆட்டோஃபேஜியை, அதாவது செல் தன் குப்பையைத் தானே அள்ளிக் கரைக்கும் வேலையை, தொடங்கச் சொல்வது. பழுதான புரதம், வீணான மைட்டோகாண்ட்ரியா இவற்றையெல்லாம் ஒரு இரட்டைச் சவ்வுப் பை வளைத்துக்கொண்டுபோய், லைசோசோம் என்ற அமிலப் பையோடு ஒட்டும். அங்கே எல்லாம் கரைந்து மறுபடி மூலப்பொருளாகும். ஈஸ்ட்டில் இதற்கான ஜீன்களைக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. மற்ற செல்கள் பிரியும்போது குப்பையும் பங்காகிக் குறையும், நரம்பு செல் பிரிவதே இல்லை. 2006-இல் எலிகளின் நரம்பு செல்லில் இந்த ஜீன்களில் ஒன்றை மட்டும் நீக்கினார்கள். நோய்ப் புரதம் எதையும் புகுத்தாமலேயே செல்லுக்குள் கட்டிகள் சேர்ந்தன, எலிக்கு நடை தள்ளாடியது.

அல்சைமர் என்ற மறதி நோய் வந்த மூளையில் குப்பை அள்ளுவது நிற்கவில்லை, அதுதான் வினோதம். நரம்பிழையே புடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கரையாத பைகள் தேங்கிக் கிடக்கின்றன. வெள்ளக்கல் குப்பைக் கிடங்கைப் பூட்டிவிட்டால் மதுரைத் தெருவெல்லாம் நிரம்பிய வண்டிகளாக நிற்குமே, அந்த மாதிரி. பரம்பரை அல்சைமரில் பழுதாகும் பிரெசினிலின்-1 புரதத்தால் எண்டோபிளாச வலையிலிருந்து கால்சியம் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. லைசோசோமின் அமிலமும் குறைகிறது என்கிறது ஒரு தரப்பு, இல்லை, அதனுள் இருக்கும் கால்சியம்தான் குறைகிறது என்கிறது இன்னொரு தரப்பு. சண்டை ஓயவில்லை.

சரி, கால்சியத்தை அடக்கிவிட்டால்? அதுவும் அவ்வளவு எளிதல்ல. லைசோசோம் தன் கால்சியத்தைக் கொஞ்சம் விட்டால்தான் கால்சிநியூரின் என்ற நொதி உசுப்பப்பட்டு, டிஎஃப்இபி புரதம் உட்கருவுக்குப் போய்ப் புது லைசோசோம் உருவாக வழி செய்கிறது. அதே கால்சியம் செல் முழுக்கப் பெருகினால் கால்பெயின் என்ற நொதி கிளம்பி, பை கட்டத் தேவையான ஏடிஜி5 புரதத்தையே வெட்டிப்போடும். எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. இன்னொரு மூளை நோயான பார்க்கின்சனில் கால்சியத்தை அடக்கியும் பார்த்தார்கள். நோயாளிகள் 336 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கால்சியம் நுழைவதைத் தடுக்கும் இஸ்ராடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையை மூன்று வருஷம் கொடுத்தார்கள். 2020-இல் முடிவு வெளிவந்தது: நோயின் வேகம் குறையவில்லை.