சின்ன வயசில் அமைந்துவிடும் அபாய மணி

மேலதிகாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வருகிறது: “மத்தியானம் வந்து என்னைப் பாருங்கள்.” ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுகிறார். பக்கத்து மேசைக்காரருக்கு உள்ளங்கை வேர்க்கிறது, வயிறு கலங்குகிறது, மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இருவருக்கும் அதே வேலை, கிட்டத்தட்ட அதே சம்பளம்.

“அவர் சுபாவம் அப்படி” என்று சொல்லி முடித்துவிடுவோம். மரபணுவுக்கு இதில் பங்கு இருப்பது உண்மைதான். ஆனால் கடந்த சில பத்தாண்டு ஆராய்ச்சி இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறது: பேச்சு கூடத் திருந்தாத வயதில் அந்த மனிதரின் வீடு எப்படி இருந்தது?

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஆபத்து என்று பட்டதும் மூளையின் அமிக்டலா விழித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி என்று செய்தி கைமாறி, கடைசியில் கார்ட்டிசால் எனும் பதற்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிவிடுகிறது. பிறகு அதே கார்ட்டிசால் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில், ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில் போய் ஒட்டி, ‘போதும், நிறுத்து’ என்று மூளைக்குத் தகவல் சொல்லும். ஏற்பிகள் நிறைய இருந்தால் பதற்றம் சீக்கிரம் அடங்கும். குறைவாக இருந்தால் இழுத்துக்கொண்டே போகும். புது வீவக வீடுகளின் கூரையில் இருக்கும் புகை அலாரத்தைப் போலத்தான்: நெருப்புக்குக் கத்தினால் உயிர் காக்கும், கடுகு தாளித்ததற்கெல்லாம் கத்தினால் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

அந்த ஏற்பிகளின் எண்ணிக்கை பிறக்கும்போதே தீர்மானமாகிவிடுவதில்லை. மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் மோஷே ஷிஃபும் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கிக் கொடுக்கும். சில அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அமைதியாக இருந்தன. கவனிப்புக் குறைந்த குட்டிகளின் மூளையில், அந்த ஏற்பிக்கான மரபணுவின் மேல் மெத்தில் எனும் வேதிக் குறி கூடுதலாக ஒட்டியிருந்தது. குறி ஒட்டினால் மரபணு சரியாக வேலை செய்யாது, ஏற்பியும் குறைந்துவிடும். கண்டுகொள்ளாத தாய்க்குப் பிறந்த குட்டியை எடுத்து, நக்கிக் கொடுக்கும் தாயிடம் விட்டுப் பார்த்தார்கள். அது அமைதியான எலியாகவே வளர்ந்தது. 2004இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு சேதியும் உண்டு: வளர்ந்த எலியின் மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தியபோது அந்தக் குறியையே மாற்ற முடிந்தது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. ரத்தத்தையோ எச்சிலையோ வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதனால் மனிதர்கள் விஷயத்தில் இந்த மெத்தில் கதையைக் கொஞ்சம் அடக்கித்தான் சொல்ல வேண்டும். தன்முனைப்புப் பேச்சாளர்கள் சிலர் ‘மரபணுவையே மாற்றலாம்’ என்று மேடையில் அளப்பதை நான் நம்புவதில்லை.

இங்கே சிங்கப்பூரில் ‘கஸ்டோ’ என்று ஓர் ஆய்வு 2009இல் தொடங்கியது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். கர்ப்ப காலத்தில் தாய்க்கு மனச்சோர்வு அறிகுறிகள் அதிகம் இருந்தால், பிறந்த குழந்தையின் வலது அமிக்டலாவின் நுண்ணமைப்பிலேயே வேறுபாடு தெரிந்தது. எலி ஆய்வின் மீனியும் பிற்பாடு இந்தக் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார். ‘அப்படியானால் அம்மா மேல்தான் தப்பு’ என்று இதைப் படித்துவிடக் கூடாது. மனச்சோர்வு ஒரு நோய். கர்ப்பிணியை யார் கவனித்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பால்யத் துயரங்களை எண்ணிப் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவின் சான் டியேகோவில் தொடங்கியது. வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அடி, திட்டு, பாலியல் கொடுமை, வீட்டில் குடிப்பழக்கம் போன்றவற்றில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடி, போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. ஆனால் இது கூட்டத்துக்கான கணக்கு. தனி ஆளுக்கு மதிப்பெண் போட்டு ஜாதகம் கணிக்க இது உதவாது என்று அண்டாவே பின்னாளில் எச்சரித்தார்.

2016 சிங்கப்பூர் மனநல ஆய்விலும் இதே போன்ற கேள்விகள் கேட்கப்பட்டன. பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஏதேனும் ஒன்றுக்காவது ‘ஆமாம்’ என்றார்கள். அதிகம் பேர் சொன்னது ரோத்தான் அடியை அல்ல, மனசைக் கண்டுகொள்ளாத புறக்கணிப்பை. எனக்கு இது வியப்பில்லை. நம் வீடுகளில் “துணைப்பாட வகுப்புக்குக் காசு கட்டினோம், என்ன குறை வைத்தோம்?” என்ற கேள்விக்குப் பிள்ளையால் பதில் சொல்ல முடியாது. அடி விழுந்தால் தழும்பைக் காட்டலாம். நடக்காமல் போன ஒன்றை எப்படிக் காட்டுவது?

நடக்காமல் போவது என்ன செய்யும் என்பதை எட்வர்ட் டிரோனிக் 1970களில் செய்த சோதனையில் கண்ணால் பார்க்கலாம். தாய் கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறார். அப்புறம் சில நிமிடம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெறுமனே பார்க்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, ‘ஆ, ஊ’ என்று கூப்பிடுகிறது. பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடம்பை முறுக்கி அழுகிறது. தாய் மறுபடி சிரித்தால் மெல்ல மெல்லத் தேறிவிடும். தினமும் எல்லாருக்கும் இப்படிச் சில நிமிடம் நேர்வதுதான், கைப்பேசியே போதும். ஆபத்து, மறுபடி சிரிக்க யாருமே இல்லாதபோது வருகிறது. ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பாவும் அம்மாவும் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். பாட்டியோ, சித்தியோ, பணிப்பெண்ணோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் ஒரு நிலையான ஆள் அருகில் இருந்தால் பெரும் வித்தியாசம் உண்டு.

அப்படி ஓர் ஆள் இல்லாமலே போன பிள்ளைகள் ருமேனியாவின் காப்பகங்களில் இருந்தார்கள். 2000இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில் 136 பிள்ளைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். பிற்பாடு சோதித்தபோது, காப்பகத்திலேயே தங்கியவர்களின் அபாய மணி அதிகமாக அல்ல, மந்தமாக அடித்தது: நெருக்கடி வந்தும் கார்ட்டிசால் சரியாக எழும்பவில்லை. ஓயாமல் அலறுவதும் கோளாறு, அலறவே மாட்டாமல் போவதும் கோளாறு. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களிடம் அது இயல்பை ஒட்டி இருந்தது.

தாமதமானவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த பிள்ளைகளை எமி வெர்னர் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வறுமையும் குடும்பச் சச்சரவும் சேர்ந்த, அபாயம் மிகுந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள்.

மனநலச் சிகிச்சைக்குப் போகும் பெரியவர்களுக்கும் ஒரு தகவல். பால்யத்தில் அடிபட்டவர்களுக்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் எடுபடாது என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. 6,830 மனச்சோர்வு நோயாளிகளின் தரவை ஒன்றுசேர்த்து 2022இல் வெளியான அலசல் அதை மறுத்தது. அவர்கள் கூடுதல் பாரத்தோடு சிகிச்சைக்கு வருகிறார்கள், முடியும்போதும் ஓரளவு பாரம் மிஞ்சுகிறது. ஆனால் கிடைக்கும் முன்னேற்றம் மற்றவர்களுக்குக் கிடைப்பதே. ஆகவே பலதுறை மருந்தகத்து மருத்துவர் “தூக்கம் எப்படி?” என்று கேட்கும்போது, சின்ன வயசில் வீடு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.