கோழிக்கூட்டில் புகை போடாதீர்கள்

மாரி தொடங்கி நுளம்பு பெருகியதும் வன்னியில் பல வீடுகளில் பொழுதுபட வேப்பிலையும் பொச்சுமட்டையும் போட்டுப் புகை மூட்டுவார்கள். மாட்டுப்பட்டி திறந்த வெளி. அங்கே பெரிய கேடில்லை. அதே புகைச்சட்டியைக் கோழிக்கூட்டு வாசலில் வைப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். “நாங்களும் இந்தப் புகைக்குள்தானே இருக்கிறோம், கோழிக்கு மட்டும் என்ன?” என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

நாம் இழுத்த காற்று வந்த வழியே திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் பழைய காற்றில் கொஞ்சம் உள்ளே தங்கிப் புதியதுடன் கலக்கிறது. பறவையின் நுரையீரலோ விரிந்து சுருங்குவதில்லை. விலாவோடு ஒட்டி அசையாமல் இருக்கிறது. காற்றைத் தள்ளுபவை துருத்திபோல் இயங்கும் காற்றுப் பைகள். உள்ளே வந்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்புறப் பைகளுக்குப் போகிறது. மூச்சு விடும்போது அங்கிருந்து நுரையீரலுக்கு, அடுத்த மூச்சில் முன்புறப் பைகளுக்கு, அதன் பிறகே வெளியே. இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதன் வலிமைக்கு வரித்தலை வாத்து சாட்சி. மொங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைக் கடந்து தமிழ்நாட்டின் கூந்தன்குளம் வரை வருகிறது. செய்மதிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது 7,290 மீற்றர் உயரம் பதிவானது. அங்கே கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிகூட இல்லை. அந்த வாத்துக்கு நுரையீரல் பெரியது. அதன் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதை இறுகப் பற்றும். கோழிக்கு அந்தச் சிறப்புகள் இல்லை. ஆனால் நுரையீரலின் அடிப்படை அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே.

ஒட்சிசனை இப்படி அள்ளும் நுரையீரல் நச்சுப் புகையையும் அப்படியே அள்ளும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவரும் நம்முடையதைவிட மெல்லியது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கனேரிக் குருவிகளை வைத்திருந்தார்கள். நச்சு வாயு மனிதரை வீழ்த்துமுன் குருவி வீழ்ந்துவிடும்.

செத்த கோழியை வெட்டிப் பார்க்கும்போது, நலமான காற்றுப் பை எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அதனூடாகக் குடல்தான் தெரியும். மூச்சுநோய் கண்டதில் அதே பை கலங்கித் தடித்து, மஞ்சளாகத் திரைந்த சீழுடன் இருக்கும். பைக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கே மருந்து போய்ச் சேர்வதும் கடினம். வருமுன் காப்பதே வழி என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கூட்டில் பரப்பிய உமி நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். கோழியின் தலை மட்டத்துக்குக் குனிந்து மணந்து பாருங்கள். கண் எரிந்தால் அன்றே உமியை மாற்றுங்கள். மழைக்குத் தறப்பாள் கட்டுபவர்கள் கூரையோரம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் நம்மைப்போல் பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. பிள்ளைகள் ஆசையாக இறுக்கிப் பிடித்தாலே குஞ்சு மூச்சடைத்துச் சாகும். தடுப்பூசிக்குப் பிடித்துத் தருபவர்களும் சிறகையும் காலையும் பிடித்தால் போதும், நெஞ்சை அழுத்த வேண்டாம்.

வெயிலில் கோழி வாய் திறந்து இளைப்பது வழக்கம். குளிர்ந்த காலையிலும் வாய் திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கினால் அதைத் தனியே பிரித்து, அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.