முழுமைத் திட்ட வரைவு வெளியானால் டெல்டா மக்கள் சரிபார்க்க வேண்டியவை

ஒரு நகரம் எந்தப் பக்கம் வளரலாம், எந்த நிலம் குடியிருப்பாக மாறலாம், எது நஞ்சையாகவே நீடிக்க வேண்டும் என்பதைச் சட்டப்படி தீர்மானிக்கும் ஆவணம் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். நகரங்களின் அடிப்படை வசதிகளுக்காக 2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்ட அம்ருத் திட்டத்தின் கீழ், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) என்ற கணினி வரைபட முறையில் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்க மத்திய அரசு நிதி வழங்கியது. அதே நாளில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தஞ்சாவூர் 2016-லும் திருச்சி 2017-லும் இடம்பெற்றன. அத்திட்டம் 2025 மார்ச் மாதத்துடன் முடிந்துவிட்டது. அதில் அமைந்த கேமராக்களும் கட்டுப்பாட்டு மையங்களும் நகரத்தை அன்றாடம் கண்காணிக்க உதவுகின்றன என்றாலும், எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்பதற்கு விடை முழுமைத் திட்டத்தில்தான் இருக்கிறது.

ஜிஐஎஸ் வரைபடத்தில் சாலை, கட்டடம், நீர்நிலை, நிலப் பயன்பாடு ஆகியவை தனித்தனி அடுக்குகளாகப் பதிவாவதால், மழைநீர் வடியும் பாதையில் மனைப்பிரிவு வருகிறதா என்பதை ஒன்றின் மேல் ஒன்றை வைத்து உடனே பார்த்துவிடலாம். கடலை நோக்கி மிகக் குறைந்த சரிவே உள்ள காவிரிப் படுகைக்கு இது பெரும் பயன் தரக்கூடியது. ஆனால் வாய்க்கால் அந்த அடுக்கில் இருந்தால்தான் பயன்.

இங்கேதான் கவனம் தேவை. அம்ருத் வரைபடத்தின் அளவு 1:4000, அதாவது தரையில் 40 மீட்டர் என்பது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு சி அல்லது டி வகைச் சிறு கிளை வாய்க்கால் அதில் அரை மில்லிமீட்டர் கோடாகத்தான் வரும். கோடையில் தண்ணீரின்றி, நாணலும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும் வாய்க்காலை மேலிருந்து எடுத்த படத்தில் பக்கத்து வயலிலிருந்து பிரித்தறிவது கடினம். களத்தில் சரிபார்க்காமல் விட்டால் பாசன வாய்க்காலும் வடிகாலும் வரைபடத்திலிருந்து விடுபட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் விளைவை மேல்மடை, கடைமடை என்ற வேறுபாடின்றி எல்லோரும் அனுபவிப்போம்.

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது எண்ணெய், எரிவாயு அகழ்வு, உருக்காலை போன்ற குறிப்பிட்ட தொழில்களைத்தான் தடுக்கிறது. வீட்டுமனைகள் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்ட வரைவு குறித்த அறிவிப்பு அரசிதழில் வெளியான பிறகு, இரண்டு மாதங்களுக்குக் குறையாத கால அவகாசத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபணையோ ஆலோசனையோ தெரிவிக்கலாம். நிலத்தின் உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. குத்தகைதாரரும், நிலமே இல்லாதவரும் மனு அளிக்கலாம். இந்த உரிமை பரவலாகத் தெரியாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அறிவிப்பு வந்தவுடன் வரைவில் உங்கள் ஊருக்கான பக்கத்தைப் பாருங்கள். அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் புல எண்ணை (சர்வே எண்) கொடுத்து, நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டைப் பார்த்தால், அந்த நிலம் வாய்க்கால் புறம்போக்கா என்பது தெரியும். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். வரைவில் அதே இடம் குடியிருப்பு என்று வண்ணமிடப்பட்டிருந்தால், புல எண், உட்பிரிவு எண், வாய்க்காலின் பெயர், அது பாயும் அல்லது வடிய வைக்கும் பகுதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அ-பதிவேடு, புலப்படம் இரண்டின் பிரதிகளையும் இணைத்து, முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் உள்ளூர்த் திட்டக் குழுமத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்’ என்ற பொதுவான மனுவைவிட, புல எண்ணோடு வரும் ஒரு பக்க மனுவுக்கு வலு அதிகம். மனு என்ன ஆனது என்று தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும்.