முடிச்சுப் போட்ட பையும் மாட்டு வயிறும்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கறவைப் பசுவை மாட்டு டாக்டரான என்னிடம் கொண்டுவந்தார்கள். நாலு நாளாகத் தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை, பால் வற்றிவிட்டது. இடது விலாவுக்குப் பின்னால் விரலால் அழுத்தினேன். பிசைந்த மாவில் விழுந்த குழி போல அப்படியே நின்றது. மரத்துப்போக ஊசி போட்டு, மாடு நின்றபடியே இடது பக்கம் திறந்து முதல் வயிற்றுக்குள் கைவிட்டேன். கேரிபேக், பால் கவர், கயிறு எல்லாம் முறுக்கிக்கொண்டு பந்து பந்தாக இருந்தன. இரண்டு பக்கெட் நிறைந்தது. அதில் ஒரு பையின் முடிச்சு அவிழவே இல்லை.

அந்த முடிச்சுதான் என்னை உறுத்துகிறது. மாடு பிளாஸ்டிக்குக்காக வருவதில்லை, உள்ளே இருக்கும் சோற்று வாசனைக்கு வருகிறது. ஆடு மாதிரி உதட்டால் பொறுக்கித் தின்ன அதற்கு வராது. நாக்கால் சுழற்றி வாரி, பையோடு விழுங்கிவிடும். வைக்கோலையே செரிக்க வைக்கும் வயிற்று நுண்ணுயிர்களால் பாலித்தீனை ஒன்றும் செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரிபேக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. கடைக்குப் பை கொண்டுபோகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தோஷம். பழைய வேட்டியைக் கிழித்துச் சுருக்குப்பை தைத்தால் காய்க்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கறி, மீனுக்குத் தூக்குவாளி போதும்.

சரி, வீட்டு மிச்சத்தை எதில் போடுகிறோம்? முன்பு வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானை இருந்தது. கழுத்து உடைந்த குடத்தை வாய் அகலமாக வெட்டினால் அதே பானைதான். பெயின்ட் வாளி மட்டும் வேண்டாம், மருந்து டப்பாவும் கூடாது. அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், வாழைப்பழத்தோல் போடலாம். பின், ஊசி, கம்பி விழுந்துவிடாமல் பாருங்கள். அது வயிற்றைக் குத்தி இதயம் வரை போகும். அப்புறம், கல்யாண வீட்டுச் சோற்றை அண்டாவோடு மாட்டுக்கு வைக்காதீர்கள். அளவுக்கு மீறிய சோறு வயிற்றில் அமிலமாகி மாட்டையே சாய்த்துவிடும்.

அந்தப் பசு மூன்றாம் நாள் அசை போட்டது. தையல் பிரிக்கப் போனபோது, மாட்டுக்கார அம்மா தெருவில் நாலு வீட்டு வாசலில் குடம் வைத்திருந்தார். நாய் தள்ளாமல் இருக்க ஒவ்வொன்றின் மூடி மேலும் ஒரு செங்கல்.