ஊரில் சிக்னல் இல்லையா? கொழும்புக்கு ஒரு கடிதம் போடுங்கள்

கொழும்பில் கடை வேலைக்கு நிற்கும் பிள்ளை, தோட்டத்து வீட்டுக்கு வீடியோ கோல் எடுக்கிறது என்றால், அங்கே அம்மா லயத்தை விட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். 2021 இல் பதுளைப் பக்கம் போஹிட்டியாவப் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காகக் காட்டுப் பாறைமேல் ஏறி உட்கார்ந்ததும் இதே கதைதான். ஆள் குறைந்த இடத்தில் கோபுரம் கட்டினால் போட்ட காசு திரும்பாது என்று கம்பனிகள் தயங்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'கமட்ட சன்னிவேதனய' என்ற திட்டம் 2020 இல் இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 'கிராமத்துக்குத் தொடர்பாடல்' என்று பொருள். நடத்துவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. அதற்கு முன்பே நெனசல நிலையங்கள் ஊர்களில் கணினியும் இணையமும் வைத்தன. ஆனால் பொது நிலையத்துக்குப் பூட்டு இருக்கிறது, நேரம் இருக்கிறது. இரவு பத்து மணிக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது உதவாது.

சரி, நம் ஊருக்குக் கோபுரம் வருமா? யாரையும் கெஞ்ச வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, இலங்கைப் பிரஜை எவரும் இந்தத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத வராதவர் வாயால் சொன்னால், அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும்.

கேள்வியைப் பொதுவாக வைக்காதீர்கள். "எங்கள் பகுதிக்கு ஏன் சிக்னல் இல்லை?" என்றால் மழுப்பலான பதில்தான் வரும். கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் போட்டு, இந்தப் பிரிவு 'கமட்ட சன்னிவேதனய' பட்டியலில் உண்டா, எந்தக் கம்பனி, எப்போது என்று கேளுங்கள். கரண்ட் போனால் கோபுரத்தின் பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதையும் சேருங்கள். மலையில் மழைக்காலம் வந்தால் அதுதான் பெரிய கேள்வி. கோபுரம் நிற்கும், சிக்னல் நிற்காது.

14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, தபாற்கந்தோர் தரும் துண்டைப் பத்திரமாக வையுங்கள். நாளை எண்ணும்போது அது தேவைப்படும்.