பாக்கெட் பாக்டீரியா வாங்குமுன்: கழிவுநீரில் ஆன்டிபயாடிக்

நோயாளி விழுங்கும் அமாக்சிசிலினில் பாதிக்கு மேல் மாறாமல் சிறுநீரிலேயே வெளியேறிவிடும். வேலூரில் சிகிச்சைக்கு வருபவர்கள் லாட்ஜில் தங்கி மாத்திரை போடுகிறார்கள். ஆகவே இது மருத்துவமனையின் எஸ்.டி.பி.யோடு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) முடிகிற விஷயமல்ல.

'ஆன்டிபயாடிக்கைத் தின்னும் பாக்டீரியா' என்று, சுத்திகரிப்புத் தொட்டியில் கொட்டச் சொல்லிப் பாக்கெட் விற்க வருபவரிடம், எந்த ஆன்டிபயாடிக்கை என்று கேளுங்கள். அமாக்சிசிலினின் பீட்டா-லாக்டம் வளையத்தை உடைக்கும் நொதி சாதாரணச் சாக்கடைப் பாக்டீரியாவிடமே உண்டு. சல்ஃபாமெத்தாக்சசோல் ஓரளவுதான் சிதையும். சிப்ரோஃப்ளாக்சசினோ பெரும்பாலும் சிதையாமல் கசடில் (தொட்டியில் சேரும் நுண்ணுயிர்ச் சேறு) ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் குறைந்துவிட்டது என்று ரிப்போர்ட் வரும். மருந்து கசடுக்குள் அப்படியே இருக்கும். அந்தக் கசடை வாழைத்தோட்டத்துக்கு எருவாக ஏற்றி அனுப்புவதைப் போல ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

புதிதாகக் கொட்டும் பாக்டீரியா பெருகும் வேகத்தைவிட வேகமாகக் கசடை வெளியேற்றினால், அது அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாக வளரும் நைட்ரிஃபையர் வகைகள் (அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா) நிலைக்கக் கசடின் வயது, அதாவது கசடு தொட்டிக்குள் தங்கும் சராசரி நாள், 15 நாளாவது இருக்கட்டும். காற்றூட்டத் தொட்டி 100 கன மீட்டர், எம்.எல்.எஸ்.எஸ். (தொட்டி நீரில் மிதக்கும் கசடின் அளவு) லிட்டருக்கு 3,000 மி.கி. என்றால் உள்ளே இருப்பது 300 கிலோ. நாளொன்றுக்கு 20 கிலோதான் வெளியேற்றலாம். ரிட்டர்ன் கசடு (அடியில் படிந்து தொட்டிக்குத் திருப்பி அனுப்பப்படும் கசடு) லிட்டருக்கு 8,000 மி.கி. இருந்தால் அது 2.5 கன மீட்டர். வாரக்கணக்கில் கசடு வெளியேற்றும் வால்வைத் தொடாமல் இருந்துவிட்டு, ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றதும் பாதித் தொட்டியைக் காலி செய்வதுதான் பல இடங்களில் நடக்கிறது.

கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே போகக் கூடாது. நம் ஊர்க் கோடையில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் கரைவதே குறையும். கரண்ட் போனால் தொட்டிக்குள் காற்றை ஊதும் ப்ளோயரும் நிற்கும். ஜெனரேட்டர் இணைப்பில் ப்ளோயரையும் சேருங்கள். தரை துடைத்த ஹைப்போ கரைசல் (குளோரின் கிருமிநாசினி), கருவிகள் ஊறவைத்த கிருமிநாசினியான குளுட்டரால்டிஹைடு எல்லாம் மொத்தமாக வந்து இறங்கினால் தொட்டியே செத்துவிடும். காலாவதி மருந்தை சிங்க்கில் ஊற்றாமல் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுங்கள்.

தொட்டியை முதலில் ஓட்டத் தொடங்கும்போது, பக்கத்தில் கிடைக்கிறதே என்று ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கழிவுநீர்க் கசடை விதையாகக் கொண்டுவர வேண்டாம். அதில் குரோமியம் இருக்கும். அந்த நுண்ணுயிர்களும் உப்புக்குப் பழகியவை. நன்றாக ஓடும் வீட்டுக் கழிவுநீர் நிலையத்தின் கசடு போதும்.

2016 மருத்துவக் கழிவு விதிகள் வெளியேறும் நீரில் கேட்பது பி.ஓ.டி. (நுண்ணுயிர் அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மி.கி., சி.ஓ.டி. (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250 மி.கி.க்குள் இருப்பது, அந்த நீரில் விட்ட மீனில் 90 சதவீதம் 96 மணி நேரம் பிழைப்பது போன்றவை. ஆன்டிபயாடிக் அளவு அந்தப் பட்டியலில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எல்.சி.எம்.எஸ். சோதனைக்குத் (மிகச் சிறிய அளவு மருந்தையும் அளக்கும் ஆய்வகச் சோதனை) தனியாகத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது தண்ணீரோடு கசடு மாதிரியும் போகட்டும்.